கண்மாயில் கடைசித் தண்ணீரை மீன்பிடித் திருவிழாவுக்கு விட்டுத்தரக் கோரும் மனு

அனுப்புநர்: கண்மாய்ப் பாசன விவசாயிகள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்: உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இதே விஷயமாக நேரிலும் குறைதீர் நாளிலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறோம். கண்மாயைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கும் குறைவு என்பதால் அது ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளது.

1. அறுவடை முடிந்து, கோடையில் தண்ணீர் முழங்காலளவு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடத்துவது ஊர் வழக்கம். கரையில் சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா (மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை), கச்சா, வலை போன்ற மீன்பிடிக் கருவிகளோடு எல்லோரும் இறங்குவார்கள். வெளியூர்க்காரர்களுக்கும் தடையில்லை. பிடித்த மீனை யாரும் விற்பதில்லை.

2. கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை ஏலம் விடும் மீன்பாசி குத்தகையை நாங்கள் எதிர்க்கவில்லை.

3. ஆனால் குத்தகைதாரர் மாசி மாதமே ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டுவிடுகிறார். விடிவதற்குள் மீன் வண்டி ஏறிவிடுகிறது. மிஞ்சுவது சேறும், அதில் துடித்துச் சாகும் கெண்டைக் குஞ்சுகளும்தான். அந்த நாற்றம் பள்ளிக்கூடம் வரை அடிக்கிறது. தண்ணீர் குடிக்க இறங்கிய மாடுகள் சேற்றில் சிக்கி, கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் அவற்றை எங்கே ஓட்டிப்போவது? கரையோரக் கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்கிவிட்டது. கேட்டால், "ஏலம் எடுத்திருக்கிறேன், அலுவலகத்தில் போய்க் கேள்" என்கிறார். அலுவலகத்தில் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். யார்தான் பார்ப்பது அய்யா? திருவிழா நின்றுபோனதால் எங்கள் பிள்ளைகளுக்கு ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு விராலைத் துழாவத் தெரியாது. ஊத்தாக்கள் மாட்டுக் கொட்டகையில் செல்லரிக்கின்றன. திருவிழாவுக்கு வரும் கட்டிக்கொடுத்த பெண்கள் "இந்த வருசமும் இல்லையா?" என்று போனில் கேட்கிறார்கள். திருவிழா நடந்தால் அடுத்த வருசம் மழை பெய்யும் என்பது எங்கள் நம்பிக்கை. அதை விடுங்கள், மாடு குடிக்கத் தண்ணீராவது வேண்டாமா?

4. ஆகவே, கண்மாயில் மோட்டார் வைக்கக் கூடாது, கடைசித் தண்ணீரும் அதிலுள்ள மீனும் ஊருக்கு என்று குத்தகை நிபந்தனையில் எழுத்தில் சேர்க்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

அய்யா, தயவுசெய்து அடுத்த ஏலத்துக்கு முன்பே இந்த நிபந்தனையைச் சேர்த்து உத்தரவிடுங்கள். கண்மாயை நேரில் வந்து பாருங்கள். கடைசித் தண்ணீரை மட்டும் விட்டுத்தரச் சொல்லுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், கையொப்பப் பட்டியல்