செஞ்சி மலையில் ஜடை பின்னிவிட்ட ஆயாவுக்கு

எங்கள் சின்னவன், தம்பி, நன்றாக இருக்கிறான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து போன் ஓயவில்லை. நேற்று ஸ்கேன் பார்த்த டாக்டர், "பயப்பட ஒன்றுமில்லை, தையல் பிரிக்க வந்தால் போதும்" என்று சொன்னதும் இவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் அவன் அடிபட்டு ரத்தம் கொட்டியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கை கொடுத்தவர்கள் அத்தனை பேர். பெயர் கேட்கக்கூட நேரமில்லாமல் போய்விட்டது. முன்பின் தெரியாத எங்கள் பிள்ளையை அந்த வெயிலில் படி படியாக இறக்கிக்கொண்டுவந்த கல்லூரித் தம்பிகள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் பக்கம் சாப்பிட உட்கார்ந்தவர்கள், தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, விரித்திருந்த ஜமுக்காளத்தை அப்படியே உருவிக் கொடுத்தார்கள். அதில்தான் பிள்ளையைத் தூக்கி வந்தோம். கோட்டைக் காவலர்கள், 108 வண்டியில் வந்தவர்கள், தையல் போடும்போது அவன் பார்க்காமலிருக்க தன் செல்போனில் யானை வீடியோ காட்டிய நர்ஸம்மா. 2025இல் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, இனி செஞ்சியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம்தான் என்று போகும் வழியெல்லாம் இவர் அலுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் அந்தக் கூட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் இந்தக் கடிதம் முக்கியமாக ஒரு ஆயாவுக்கு.

அவரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நானே சரியாகப் பார்க்கவில்லை. மேலே கமலக்கண்ணியம்மனுக்குப் பூ வைக்க வந்தவர், கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரு தூக்குவாளியும் வாழையிலையில் கட்டிய கனகாம்பரமும். எல்லோரும் தம்பியைச் சுற்றி நின்றபோது, எங்கள் பெரியவள் நாலு படி கீழே புங்க மர நிழலில் தனியாக நின்றிருக்கிறாள். தலையெல்லாம் விரிந்து கிடந்திருக்கிறது. அவள் ரிப்பனைத்தான் கட்டுப்போட உருவியிருந்தோம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதனால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயா நேராக அவளிடம் போயிருக்கிறார். என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லையாம். "உக்காரு பாப்பா, தலை சிக்கா கீது" என்று படியில் உட்காரவைத்து, தான் மேல்படியில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்துவிட்டார். சீப்பு கிடையாது. தூக்குவாளித் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு முடியை நனைத்து, விரலாலேயே சிக்கெடுத்து, நடுவகிடு எடுத்து இரண்டாகப் பிரித்திருக்கிறார். இதெல்லாம் இரவு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள். காலையில் செட்டிகுளத்துக் கரையில் இவர் பிள்ளைகளுக்குத் தேசிங்கு ராஜா கதை சொன்னார். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்துப்போனது, ராணி உடன்கட்டை ஏறியது எல்லாவற்றையும். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அதே மனசோடு மலையேறி, அப்புறம் தம்பி சட்டையில் அவ்வளவு ரத்தத்தைப் பார்த்தால் எட்டு வயசுக்காரி என்ன நினைப்பாள்? "தம்பியும் செத்துப்போயிடுவானா?" என்று ஆயாவிடம் கேட்டிருக்கிறாள். எங்களிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டிருக்கிறாள்.

ஆயா பின்னுவதை நிறுத்தவில்லையாம். "மேல சத்தம் கேக்குதா? யாரு அழுவுறது?"

"தம்பி."

"இம்மாம் சத்தமா அழுவுற புள்ள எங்கயும் போவாது. நீ கேட்டுக்கினே இரு."

அவன் அலறிய அலறலில் மேலே எனக்கு ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே இவள் அதே அலறலைக் கேட்டுத் தைரியமாகியிருக்கிறாள். அழுகை நின்றால்தான் பயம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இந்த மாதிரி ஒரு பதில் எனக்கு வாய்த்திருக்காது. "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைத்திருப்பேன்.

வாசலில் வண்டி ஏறும்போதுதான் பெரியவள் ஞாபகம் வந்து பதறித் திரும்பினேன். ஆயா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நின்றிருந்தார். இரட்டை ஜடை, நுனியில் பூ கட்டி வந்த வாழை நார், இரண்டு பக்கமும் கனகாம்பரம். "அம்மனுக்குக் கொண்டுவந்ததாச்சே" என்றேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "அவளுக்கு நாளைக்கு வச்சுக்கலாம். நீ ஏறும்மா, வண்டிய நிறுத்தி வச்சுக்கினு" என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டார். தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட அவர் கையில் காசு இருந்திருக்குமோ என்னவோ, எதுவும் கொடுக்கத் தோன்றவில்லை. கொடுத்திருந்தாலும் திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எண்ணூறு அடி மலைதான் ராஜகிரி. அந்த வயசில் பாதி தூரம் ஏறி வந்தவர், கோயிலுக்குப் போகாமலேயே எங்களோடு இறங்கிவிட்டார். எனக்குச் சாமி பக்தி பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் சித்திரையில் கமலக்கண்ணியம்மன் திருவிழாவுக்குப் போகிறோம். கூடை நிறையக் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு போவது என்று பெரியவள் முடிவு செய்துவிட்டாள், அம்மனுக்குப் பாதி, ஆயாவுக்குப் பாதியாம். ஆயாவைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டால், மஞ்சள் பை வைத்திருப்பார் என்கிறாள். செஞ்சியில் மஞ்சள் பை இல்லாத ஆயா யார் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

செஞ்சிப் பக்கத்தில் சொந்தபந்தம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், பங்குனி ஞாயிற்றுக்கிழமை மலையில் ஒரு பெண்பிள்ளைக்கு ஜடை பின்னிவிட்ட ஆயா யாரென்று விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால், பையன் இப்போது அழுவதை நிறுத்திவிட்டு ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கிறான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஜமுக்காளம் கொடுத்த குடும்பத்துக்கு: கறை போகத் துவைத்துவிட்டோம், ஓரத்தில் மட்டும் லேசாகத் தெரிகிறது. அடுத்த ஞாயிறு இவர் அந்தப் பக்கம் போகும்போது கோட்டை டிக்கெட் கவுண்டரில் கொடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பச்சையும் சிவப்பும் கோடு போட்டது. அது பழசாகிவிட்டது, வேண்டாம் என்றால் புதிதாக ஒன்றும் கூடவே மடித்து வைத்திருக்கிறேன், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.