அம்மா காய்ச்சின கருப்பட்டிய போலின்னு திருப்பிக் குடுத்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சமையல் பக்கத்துல ஓரமா கட்டம் கட்டி 'தண்ணியில போட்டதும் கரைஞ்சா அது போலி கருப்பட்டி'ன்னு போட்டிருந்தீங்க. ஒரே வரிதான். அத படிச்சிட்டு எங்க எதிர்வீட்டு அக்கா, நான் குடுத்த கருப்பட்டியில ஒரு துண்ட டம்ளர் தண்ணியில போட்டு பாத்துட்டு, மிச்சத்த பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்து "தப்பா நெனைக்காதம்மா, உங்கம்மாவ யாரோ ஏமாத்திட்டாங்க போல"ன்னு குடுத்துட்டு போனாங்க. எங்கம்மாவ யாரும் ஏமாத்தல சார். அது உடன்குடி பக்கத்துல எங்க விடிலியில, அதாவது பதனீர் காய்ச்சுற ஓலைக் குடிசையில, அவங்க கையால காய்ச்சினது.

கருப்பட்டி கரையத்தான் செய்யும், கரையாம பின்ன காபி எப்படி போடுறது? கருப்பட்டி காய்ச்சுற பதனீர்ல இருக்குறதும் பெரும்பாலும் சுக்ரோஸ்ங்குற சர்க்கரைதான், கரும்புச் சீனியும் அதேதான், ஒரு டம்ளர் தண்ணி அத எப்படி பிரிச்சு சொல்லும்? மழைக்காலத்துல நல்ல கருப்பட்டி கசிஞ்சு இளகிப்போகும், அதனாலதான் எங்க ஆச்சி ஓலைப்பெட்டியில போட்டு அடுப்புக்கு மேல பரண்ல வச்சிருப்பாங்க. சீனி போட்டு காய்ச்சினது கல்லு மாதிரி கெடக்கும். நான் ஒரு தடவ ஏமாந்திருக்கேன், என் பொண்ணு பிரசவத்துக்கு வந்தப்ப உளுந்தங்களி கிண்ட ஊருக்கு சொல்லிவிட நேரமில்லாம இங்க ஒரு கடையில வாங்கினேன், சுத்தியலால தட்டி உடைச்சா உள்ள உப்பு மாதிரி மினுமினுங்குது, புகை வாசமும் இல்ல, நாக்குல லேசா நிக்கிற அந்த சுண்ணாம்பு ருசியும் இல்ல. வாங்கின மாசம் ஐப்பசி, கடைக்காரர் சொன்னது 'நேத்து காய்ச்சி வந்தது'. எங்க பக்கம் மாசியில தொடங்கினா ஆடியோட பதனீர் முடிஞ்சிரும், ஐப்பசி அடைமழையில எவன் மரத்துல ஏறி பாளை சீவுனான்? நீங்க எழுதணும்னா இதத்தான் எழுதியிருக்கணும்.

எங்கப்பா காலையிலயும் சாயங்காலமும் ஏறுவாங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவி கட்டணும், இல்லன்னா புளிச்சு கள்ளாயிரும். 8, 10 லிட்டர் பதனீர உடைமுள்ளு போட்டு மணிக்கணக்கா எரிச்சு கிண்டினாதான் சிரட்டையில ஊத்துறதுக்கு ஒரு கிலோ தேறும். சீனி அதவிட ரொம்ப மலிவு. சீனி மூட்டைய எறக்கி வச்சு இத கலந்து காய்ச்சு, அப்பதான் இந்த விலைக்கு எடுப்பேன்னு சொல்ற யாவாரிய எங்கம்மா திருப்பி அனுப்பினத நான் கண்ணால பாத்திருக்கேன். கலக்குறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்ல வரல. ஆனா கலக்காதவங்க சரக்கையும் சேத்து போலின்னு சொல்ல வச்சிட்டீங்களே.

2023ல உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கெடச்சப்போ நீங்க போட்ட செய்தியில படம் கரும்புல செய்யுற மண்ட வெல்லம். அதுக்கும் எழுதினேன், பதில் இல்ல. அதுக்கு முன்னாடி தேனுக்கும் இதே தண்ணி டெஸ்ட்தான் சொன்னீங்க, கரையாம அடியில போய் நின்னா நல்ல தேன்னு. கெட்டியான சீனிப்பாகும் தண்ணியில அடியிலதான போய் நிக்கும்? 2020ல டெல்லியில இருக்குற சி.எஸ்.இ.ங்குற அறிவியல், சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 13 பிராண்ட் தேன சோதிச்சு மூணுதான் எல்லா டெஸ்ட்லயும் தேறுச்சுன்னு சொன்னாங்க, அதுக்கு ஜெர்மனி லேப் வரைக்கும் அனுப்ப வேண்டியிருந்துச்சு. இதெல்லாம் உங்களுக்கு தெரியாததா? லேப்ல கண்டுபிடிக்கவே கஷ்டமானத, வீட்டுல இருக்குற பொம்பள டம்ளர வச்சு கண்டுபிடிக்கணும்னு எத்தன வருஷம்தான் எழுதுவீங்க.

2006 உணவுப் பாதுகாப்பு சட்டத்துல 40ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வாங்குற நாமளே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட குடுத்து சோதிக்கலாம், வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சோதிக்கப்போறேன்னு சொல்லிடணும், கலப்படம்னு வந்தா கட்டின காசு திரும்ப கெடைக்கும். எனக்கு வேண்டியது மன்னிப்பு எதுவும் இல்லங்க. அடுத்த இதழ்ல அதே பக்கத்துல, அதே அளவு கட்டத்துல, தண்ணி டெஸ்ட் தப்புன்னும் இந்த 40ஆவது பிரிவையும் போடுங்க. அந்தப் பக்கத்த வெட்டி எடுத்து, அதே கருப்பட்டியோட எதிர்வீட்டு அக்காகிட்ட கொண்டுபோய் குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு பனையேறியோட மக,
மதுரை