கழுவாமல் அனுப்புகிறேன்

கொக்குவில்,
ஞாயிறு காலை.

அன்பின் மலர்,

பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், முட்டை அனுப்பும் என்று நீர் எழுதிய கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பிள்ளைக்கும் வீட்டார் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லும். நான்கு மாதமாக உமக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது மறதியால் அன்று. மாசியில் நான் அனுப்பிய முப்பது முட்டைகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போயின என்று உம்முடைய மருமகள் தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து எனக்கு எழுதக் கை வரவில்லை. கிணற்றடியில் இருந்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய்த் தும்பால் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அனுப்பியவை எப்படி நாறின என்பது எனக்கு விளங்கவேயில்லை.

சென்ற மாதம் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வந்த கால்நடை வைத்தியரிடம் இதைச் சொன்னேன். நம்முடைய மகள்களின் வயதுதான் அவருக்கு. கூட்டுக்குள் கையை விட்டு, கறுப்பி அப்போதுதான் இட்ட முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது ஈரமாக மினுங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் காய்ந்து மங்கிப்போயிற்று. முட்டையை வெளியே விடுமுன் கோழி கடைசியாகப் பூசிவிடும் காப்பு அதுதான் என்றார். ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் இருக்கின்றனவாம். அவற்றை அடைத்து வைத்திருப்பது அந்த மெல்லிய பூச்சு. நான் தும்பால் தேய்த்தபோது அழுக்கோடு அதுவும் போய்விட்டது. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அந்தச் சூடு ஆறாத முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருப்பதைத் துளைகளின் வழியே உள்ளே இழுக்கும். என் வாளியில் இருந்ததோ முப்பது முட்டைகளின் எச்சம் கரைந்த தண்ணீர். அதைக் குடித்துவிட்டுத்தான் அவை வவுனியாவுக்கு வந்தன, மலர்.

ரொறன்ரோவில் கடை முட்டையெல்லாம் கழுவியவைதானே என்று உம்முடைய மகன் கேட்பான். அங்கே முட்டையைவிடச் சூடான தண்ணீரில் இயந்திரத்தால் கழுவி, கிருமிநீக்கி தெளித்து, உடனே உலர்த்திக் குளிரிலேயே வைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ கடைக்கு வரும் முதல்தர முட்டைகளைக் கழுவவே கூடாது என்பதுதான் விதி. கழுவுவதானால் முழுதாகச் செய்ய வேண்டும். இல்லையேல் தொடாமல் விட வேண்டும். கிணற்றடியில் பாதி வேலை செய்ததே என் பிழை.

இப்போது முட்டை அழுக்காகாமல் பார்ப்பதுதான் என் வேலை. கிழமைக்கு ஒருமுறை வைக்கோலை மாற்றுகிறேன். காலையிலும் பின்னேரமும் முட்டை எடுக்கிறேன். இரவில் கோழிகள் முட்டைப் பெட்டிக்குள் படுத்து எச்சமிடாதபடி அதன் வாயைப் பலகையால் மூடிவிடுகிறேன். சிறு கறையை உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். எச்சம் அப்பியதை, முட்டையைவிடச் சூடான தண்ணீரில் ஊறவிடாமல் கழுவித் துடைத்து அன்றே சமைத்துவிடுகிறேன். வெடித்ததை வாழையடியில் புதைக்கிறேன். நல்ல சுகமாகத் திரியும் கோழியிலும் நமக்கு வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா பற்றீரியா இருக்கக்கூடும் என்று அறிந்த நாள் முதல், கூட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நான் குசினிக்குள் போவதில்லை.

இனி நான் சொல்வதற்கு நீர் என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கத்தான் நீர் முட்டை கேட்கிறீர் என்பது எனக்குத் தெரியும். உம்முடைய அம்மம்மா மூக்கைப் பிடித்து உமக்கு ஊற்றிய காலையில் நானும் அந்த விறாந்தையில்தான் இருந்தேன். நமக்கு ஒன்றும் நேரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பற்றீரியா கோழியின் சூலகத்திலிருந்தே, ஓடு மூடுவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடக்கூடும். அப்படிப்பட்ட முட்டையைப் பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க முடியாது, எந்தக் கழுவலும் அதை எடுக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் முட்டையின் வயதைத்தான் சொல்லும். ஏறத்தாழ 71 பாகை செல்சியஸ் சூடு முட்டை முழுவதும் ஏறினால்தான் நம்பலாம். உம்முடைய மாமி விடியற்காலையில் குடிக்கும் முட்டைக்கோப்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முட்டையை ஊற்றியதும் கோப்பியின் சூடு இறங்கிவிடும், அவருடைய வயதில் ஒரு வயிற்றோட்டம் சிறிய விடயம் அன்று. பிள்ளைக்கு முட்டையை நல்லெண்ணெயில் நன்றாகப் பொரித்துக் கொடும், உளுத்தங்களியும் கொடும். மனையியல் வகுப்பில் நீர் அவித்த முட்டையை நான் மறக்கவில்லை. இந்த முறையாவது மஞ்சட்கரு இறுகும்வரை அடுப்பை அணைக்க வேண்டாம்.

நாளைக் காலை பேருந்தில் இருபத்துநான்கு முட்டைகள் வருகின்றன, பனையோலைப் பெட்டியில் உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்க அடுக்கியிருக்கிறேன். எல்லாம் இந்தக் கிழமை இட்டவை. வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையும்; வைத்த பிறகு வெளியே எடுத்து வைத்துத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம், ஓடு வியர்த்தால் அந்த ஈரத்தோடு அழுக்கும் உள்ளே போகும். ஒன்றிரண்டில் வைக்கோலின் மஞ்சட்கறை தெரியும். அதற்காக அவற்றைக் கழுவிவிடாதேயும்.

அன்புடன்,
உம்முடைய சரசு