பாப்பாவுக்கு, பினாங்கு பிறையிலிருந்து அம்மா

அன்புள்ள பாப்பா,

பசியாறுனியா? போன் போட்டா எடுக்க மாட்டேங்குற. வாட்சப்புல நீளமா எழுதுனா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற. அதான் தபால்ல போடுறேன், இதுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பாரு.

வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பின்னால இருந்த முருங்கைய வெட்டியாச்சு. வேற விசேஷம் இல்ல.

நீ கடைசியா பேசுனப்ப உன் கடையப் பத்திச் சொன்னது மனசை விட்டுப் போகல. பால் வந்தா பழசை முன்னால இழுத்துட்டுப் புதுசைப் பின்னால வைக்கணும். உன்கூட வேலை செய்யுற அந்தப் பையன் புதுசை அப்படியே முன்னால அடுக்கிட்டுப் போயிடுறான், தேதி முடிஞ்ச டப்பாவெல்லாம் பின்னால கெடக்குது, கடை அடைச்ச பிறகு நீ தரையில உக்காந்து பொறுக்குற. மலிவு விற்பனை முடிஞ்சும் விலைச்சீட்டை யாரும் மாத்தல, கவுண்டர்ல வேற விலை காட்டுது, வாங்க வந்தவங்க உன்னை ஏசுறாங்க. யாரோ வேண்டாம்னு பிஸ்கட் அடுக்குல விட்டுட்டுப் போன கோழிக்கறியத் தாண்டி எல்லாரும் போறாங்க, கடைசியில உன் கைதான் எடுக்குது. ஸ்டோருக்குள்ள பெட்டிக்குப் பின்னால ஒருத்தி போனோட. வெள்ளியும் திங்களும் அவளுக்கு எம்சி, அதான் மருத்துவ லீவு. "எம்சி நாள் மிச்சம் இருக்கு, எடுக்கலன்னா வீணாயிடும்"னு உன்கிட்டயே சொன்னாளாமே. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. காய்ச்சலுக்கும் கணக்கு வச்சிருக்கா.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நான் லைன்ல உக்காந்த காலத்துலயும் இந்த மாதிரி ஆளுங்க இருந்தாங்க. ஆனா லைன்ல ஒளிய முடியாது பாப்பா. ஒருத்தி கைய நிறுத்துனா அவ முன்னாலயே தட்டு குவியும், அடுத்தவ சும்மா உக்காந்திருப்பா, லைன் லீடர் கண்ணுல உடனே பட்டுடும். உன் கடையில செய்யாத வேலை செய்யாதவன் முன்னால குவியறதில்ல. பார்க்கப் பொறுக்காத ஆளு முன்னாலதான் குவியுது. அது நீ. சின்னதுலயே அப்படித்தான், காலண்டர் கோணலா தொங்குனா அதை நேராக்காம சோத்துல கை வைக்க மாட்ட.

அதுக்காக எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்குவியா? கொஞ்சம் விடு. பால் நாறட்டும். மேனேஜர் மூக்குக்கும் எட்டட்டும். நீ ராத்திரி துடைச்சு வச்சுடுற, அவரு காலையில வந்து பார்த்துட்டு ஆள் போதும்னு நெனச்சுக்குறாரு. யாரு டூட்டியில எந்த அடுக்கு அப்படிக் கெடந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வை. கத்தாதே. கத்துனா அவங்க செய்யாதது மறந்து போயி உன் வாய்தான் பேச்சாகும். பெரியப்பா கடை விஷயம் உனக்கே தெரியும்.

2023லேருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம், அதுக்கு மேல நின்னா ஓவர்டைம் காசு. நீ வேலை முடிஞ்சுதுன்னு விரல் ரேகை வச்சுட்டு, திரும்ப உள்ள போயி பால் பொறுக்குனியே, அந்த நேரத்துக்கு யாரு காசு கொடுத்தா? இதைக் கேட்டா "அம்மா உனக்குப் புரியாது"ம்ப.

அந்தப் பையனையும் முழுசா குத்தம் சொல்ல வாய் வரல. 2025 பிப்ரவரியில குறைஞ்சபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆச்சு. நேத்து வந்தவனுக்கும் அதான். நாலு வருஷமா நிக்குற உனக்கு அதுக்கு மேல எவ்வளவுன்னு நீ சொன்னப்ப அப்பா பேப்பரை மடிச்சு வச்சுட்டாரு. கோலாலம்பூர்ல ரூம் வாடகை, மோட்டாருக்கு எண்ணெய், சாப்பாடு போனா என்ன மிஞ்சும். ஓடிச் செஞ்சாலும் ஒளிஞ்சு நின்னாலும் ஒண்ணுதான்னா அவன் ஏன் ஓடணும்னு நெனக்கிறான். ஆனா அந்தக் கோபத்தை முதலாளிகிட்ட காட்டணும், பக்கத்துல நிக்குறவ தலையில இறக்கக்கூடாது.

கடைச் சாவிய உன் கையில கொடுத்தாங்கன்னு கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு வரேன்னு சொல்லிட்டு வராமப் போனதையும் அதே ஆளுங்ககிட்டதான் சமாளிச்சேன்.

செந்தூல் சித்தி பேசுனா. போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல உன்னைப் பார்த்தாளாம். யூனிஃபார்ம் இல்லையாம். கூப்பிட்டாளாம், நீ திரும்பலையாம். வேற யாரோவா இருக்கும்னு சொல்லிட்டேன். உனக்கு ஆஃப் நாளாவும் இருக்கலாம்.

நம்ம பின் வரிசை வீட்டு அக்கா மக வேலைய விட்டுட்டா. கோபத்துல ஒரே நாள்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல, அஞ்சு வருஷத்துக்குள்ள வேலை செஞ்சிருந்தா, ஒப்பந்தத்துல வேற மாதிரி போடலன்னா ஆறு வாரம் முன்னாலயே எழுதிக் கொடுக்கணுமாம். கொடுக்காம வந்தா அந்தச் சம்பளத்தை நாமதான் கட்டணுமாம். வேலை போனவங்களுக்குக் காப்புறுதிக் காசு கொடுக்குற பெர்கேசோ ஆபீஸ்ல போயி கேட்டா, வேலை போனவங்களுக்குத்தான் காசு, தானா விட்டவங்களுக்கு இல்லன்னுட்டாங்க. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொல்றேன். நீ அப்படிச் செய்யுற ஆளு இல்ல. ஆனாலும் எழுதிக் கொடுக்காம எதையும் செய்யக்கூடாது, யாரா இருந்தாலும். அப்பா ஈப்போவுல செஞ்சது போதும் நம்ம வீட்டுக்கு. வேலை சுத்தத்துல நீ என் பக்கம். கோபம் மட்டும் அவரு பக்கம்.

இன்னொண்ணு. முதலாளி அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள இபிஎப், அதான் சேமநிதி, கட்டியாகணும். உன் கணக்குல ஏறியிருக்கான்னு பாரு. ஏறியிருந்தா ஒரு படம் எடுத்து அனுப்பு. வேற ஒண்ணும் இல்ல, கட்டாம ஏமாத்துற கடைங்களும் இருக்கு.

தம்பி காலேஜுக்கு இந்த மாசம் நீ காசு போட வேண்டாம், நான் பார்த்துக்குறேன். உன் பேங்க் கணக்குல 300 ரிங்கிட் போட்டிருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. கேஎல் சென்ட்ரல்ல ஈடிஎஸ் ரயில் ஏறுனா நாலு மணி நேரத்துல பட்டர்வொர்த் வந்துடலாம், தம்பி மோட்டார்ல வந்து கூட்டிக்கிட்டு வருவான். எந்த நாள் வரேன்னு மட்டும் சொல்லு. செவ்வாய்தானே உனக்கு ஆஃப்?

அம்மா