ரத்தம் கொடுக்க நீ வர வேண்டாம்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம், நீயும் இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம்.

நீ கேட்டது இரண்டு விஷயம். என் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைத்து, முழங்கால் ஆபரேஷன் அன்று எனக்கே ஏற்ற முடியாதா? அது முடியாதென்றால் நீ டொரொன்டோவிலிருந்து வந்து கொடுக்கலாமா? இரண்டுமே வேண்டாம் ராசா. ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்தே உன்னைப் படிக்க வைத்தவள் நான். ஏன் வேண்டாம் என்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

உன் யோசனை தப்பானதில்லை. ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் செய்தார்கள். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே வெளிநாடுகளில் ரத்தம் ஏற்றியதால் எய்ட்ஸ் வந்து பலர் இறந்துபோனார்கள். டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்கும் இதய ஆபரேஷனின்போது ஏற்றிய ரத்தத்தில்தான் அது வந்தது. நம் ஊரில் காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பியே பல ரத்த வங்கிகள் நடந்தன. 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1 முதல்தான் அது அடியோடு தடையானது. அந்தப் பயத்தில் பிறந்த வழிதான் நீ சொல்வது. விபத்துக்கு நாள் குறிக்க முடியாது. மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி முன்பே குறித்துவிடுவார்கள், அதனால் அதற்குத்தான் இது ரொம்பத் தோதாக இருந்தது. வாரம் ஒரு பை வீதம் எடுப்பார்கள். கடைசிப் பை ஆபரேஷனுக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு. பையில் கலந்திருக்கும் மருந்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ குளிரில் வைக்கலாம்.

பிறகு கணக்குப் பார்த்தபோது பிரச்சினை தெரிந்தது. ஒரு பை ரத்தம் கொடுத்தால் அதில் போகிற சிவப்பணுக்களைத் திரும்ப உண்டாக்க உடம்புக்கு வாரக்கணக்கில் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். நடவுக்கு முந்தின வாரம் கிணற்றை இறைத்து வெளியே விட்ட கதைதான். ரத்தம் குறைந்த உடம்போடு மேசையில் ஏறியவர்களுக்கு, அந்தக் குறையினாலேயே ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. இன்னொரு பக்கம், எடுத்து வைத்த பைகளில் ஏறக்குறைய பாதி பயன்படாமலே கொட்டப்பட்டன. ஆபரேஷன் தள்ளிப்போனால் பை காலாவதியாகிவிடும். நோயாளியின் ரத்தம் என்பதால் அடுத்தவருக்கும் கொடுப்பதில்லை. அதோடு, சொந்த ரத்தம் என்றாலும் பை மாறிப்போகிற ஆபத்தும் கிருமி சேருகிற ஆபத்தும் அப்படியேதான் இருக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் அதிகம் பயந்தது லேபிளுக்குத்தான். நோயாளியின் பெயரை வாய்விட்டுக் கேட்காமல் ஒரு பையைக்கூட நான் கையில் கொடுத்ததில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். போன மாதம் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 10.4. முன்கூட்டி எடுத்து வைக்க 11க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆகவே உன் யோசனை அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் 10.4 ஏன் என்ற கேள்வி முக்கியம். ஃபெரிட்டின் பார்த்தார்கள், உடம்பில் இரும்புச் சேமிப்பே இல்லை. மூட்டு வலிக்கு நான் விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்து, அந்த மாத்திரையை நிறுத்தி, வயிற்றுக்கு மருந்து கொடுத்து, இரும்புச் சத்தை டிரிப்பாக ஏற்றினார்கள். இப்போது 12.3. மூட்டு மாற்ற வருகிறவர்களில் எத்தனையோ பேர் இப்படி ரத்தசோகையோடுதான் வருகிறார்கள். அதைப் பார்க்காமலே தேதி குறித்துவிட்டு, "இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க" என்று வீட்டுக்காரர்களை ஓட விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. ஒரு மாதம் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், அந்த ஓட்டம் பாதிக்கு மேல் இருக்காது.

அடுத்தது, உள்ளே இருப்பதை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வலது கால் முதலில், இடது காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முழங்கால் மாற்றும்போது வெளியே தெரிகிற ரத்தம் கொஞ்சம், பிறகு சதைக்குள் கசிகிறதுதான் ஜாஸ்தி. ஹீமோகுளோபின் இரண்டு மூன்று கிராம் இறங்குவது சகஜம். அதைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை நரம்பில் போடுவார்கள். உறைந்த ரத்தத்தை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடாமல் அது தடுக்கும். முன்பு காலில் ரத்தக்கட்டு வந்ததா, வலிப்பு உண்டா என்று மயக்க டாக்டர் கேட்டுக்கொண்டார், எனக்கு இரண்டும் இல்லை.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும், 1962ல் அதைப் பற்றி எழுதினார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே அந்த அம்மா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாராம். அவர் கவலையெல்லாம் பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களைப் பற்றித்தான். அந்தச் சாவுகளை இந்த மருந்து குறைக்கிறது என்று பெரிய ஆய்வு வெளிவந்தது 2017ல், அவர் 2016லேயே போய்விட்டார். இத்தனை மலிவான ஒரு ஊசி இன்று என் முழங்கால் வரை வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

செல் சேவர் இயந்திரம் பற்றி நீ இணையத்தில் படித்திருப்பாய். ஆபரேஷனில் சிந்துகிற ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் திரும்ப ஏற்றுவது. நல்ல இயந்திரம்தான். ஒருமுறை வைத்த இடுப்பு மூட்டைக் கழற்றி மறுபடி மாற்றுவது, முதுகெலும்பு ஆபரேஷன் மாதிரி நிறைய ரத்தம் போகிற இடத்தில் அதற்கு வேலை உண்டு. என் ஒரு முழங்காலுக்கு அது தேவைப்படாது.

அப்புறம், ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கினால் ரத்தம் ஏற்றுவது? நான் வேலைக்குச் சேர்ந்தபோது 10க்குக் கீழே போனாலே ஏற்றிவிடுவார்கள். 2011ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட, இதயக் கோளாறோ அதற்கான அபாயமோ உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். 10ல் ஏற்றியவர்களும், 8 வரை பொறுத்தவர்களும், 60 நாள் கழித்து ஒருவர் துணையில்லாமல் அறையைக் கடந்து நடப்பதில் வித்தியாசமே இல்லை. இறப்பிலும் இல்லை. அதனால் ஆபரேஷனுக்கு மறுநாள் எனக்கு 9.5 என்று கேள்விப்பட்டால் பதறாதே. தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் விஷயம் வேறு, அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, உன் ரத்தம். கோபித்துக்கொள்ளாதே, பிள்ளையின் ரத்தம் தாய்க்கு ஏற்றதல்ல. அதில் உள்ள வெள்ளணுக்கள் என்னுடையது மாதிரியே இருப்பதால், என் உடம்பு அவற்றை அந்நியமாகப் பார்த்து அழிக்காமல் விட்டுவிடலாம். அப்படித் தங்கிவிட்டால் அவை என் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நெருங்கிய சொந்தங்களின் ரத்தம் என்றால், அந்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு தேவைப்பட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவரின் ரத்தத்தை மனநிறைவோடு ஏற்றிக்கொள்வேன். எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேக நோய், மலேரியா என ஐந்தையும் பார்க்காமல் ஒரு பையும் வெளியே போகாது. கல்லூரி முகாம்களில் ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீ கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால் உன் ஊரிலேயே கொடு, அங்கேயும் ஒரு அம்மா படுத்திருப்பாள்.

லீவை ஆபரேஷன் அன்றைக்கு வீணாக்காதே. மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள், அதற்கு ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சிதான் கஷ்டம். வலிக்கிறது என்று நான் விட்டுவிடுவேன், அப்பா பரிதாபப்பட்டு விட்டுவிடச் சொல்வார். அந்தச் சமயத்தில் அதட்ட நீ இருக்க வேண்டும். டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளி மாற்றிவிட்டு அப்பாவிடம் சொல். அவரிடம் ரத்தப் பேச்சு எடுக்காதே.

அன்புடன்,
அம்மா
திருநெல்வேலி