படத்தில் இருப்பது பழந்தின்னி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். அதில், பாழடைந்த கட்டடத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் வௌவால் படத்தின் கீழ் ‘பழந்தின்னி வௌவாலின் குட்டி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது பழந்தின்னி இல்லை, கல்லறை வௌவால் என்ற பூச்சி தின்னும் வகை. பெரிய கண்ணையும் நாய் மாதிரி நீண்ட முகத்தையும் பார்த்து அப்படி எழுதியிருப்பார்கள். ஒரு பயணத்தில் நானும் இதே முகத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

பழந்தின்னி காலால் பற்றித் தொங்கும். சிறகைப் போர்வைபோலச் சுற்றிக்கொள்ளும். படத்தில் இருப்பதோ வயிற்றைக் கல்லில் அழுத்தி, முன்கைகளை இருபுறமும் ஊன்றி, தலைகீழாகச் சுவரோடு சுவராகக் கிடக்கிறது. அந்த இருப்பே பாதி அடையாளம். கல்லறை வௌவால்கள் இப்படித்தான் இருக்கும். ஆள் நெருங்கினால் நண்டுபோல ஊர்ந்து இடுக்குக்குள் போய்விடும். காதையும் பாருங்கள். பழந்தின்னியின் காது விளிம்பு அடியில் ஒன்றுகூடி முழு வளையமாகிவிடும். படத்தில் காதுத் துளைக்கு முன்னால் சின்ன மடல் ஒன்று நிற்கிறது. ‘குட்டி’ என்பதும் அளவை வைத்துச் சொன்னதாக இருக்கலாம். முழுக்க வளர்ந்தும் 20 கிராமைத் தாண்டாத பழந்தின்னிகள் உண்டு.

நிறத்தையும் அளவையும் குறித்துக்கொண்டால் இனம் தெரிந்துவிடும் என்று கட்டுரையாளர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தியில் தலைக்கு மேல் பறப்பதன் அளவை எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? நிறமும் கைவிட்டுவிடும்: இலைமூக்கு வௌவால்களில் ஒரே இனத்திலேயே சாம்பலும் உண்டு, பளீரென்ற ஆரஞ்சும் உண்டு. மூக்கில் குதிரைலாட வடிவத் தோல்மடிப்பு இருக்கிறதா, வால் சிறகுச் சவ்வுக்கு வெளியே எலிவால்போல நீள்கிறதா, குகைக்கூரையில் தனித்துத் தொங்குகிறதா, இடுக்கில் செருகிக் கிடக்கிறதா என்று பார்த்து எழுதுவது பயன் தரும். இவ்வளவும் பார்த்தாலும் பல நேரம் குடும்பம் வரைக்கும்தான் போக முடியும். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் வீட்டுக்கூரைகளில் சர்வசாதாரணமாகத் தங்கும் பிபிஸ்ட்ரெல் வௌவாலை 1990-கள் வரை ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். சிலவற்றின் ஒலி 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் மற்றவற்றின் ஒலி 55 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் இருப்பதைக் கவனித்த பிறகே இரண்டாகப் பிரித்தார்கள். நம் காதுக்கு எட்டுவது 20 வரைதான். கேமராவுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே ‘கல்லறை வௌவால் வகை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தவறான இனப்பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு வரியையும் சொல்லாமல் விட முடியவில்லை. கீழே கிடக்கும் வௌவாலைக் கையில் எடுத்துப் பார்த்தால் அடையாளம் எளிது என்கிறார். எளிதுதான், ஆனால் வெறிநோய்க் கிருமி வௌவால் கடியிலும் பரவும். அந்தப் பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கடித்துவிட்டால் சோப்புப்போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குகைக்குள் நுழைவதும் விளையாட்டில்லை. உகாண்டாவின் பைத்தான் குகைக்குப் போய்வந்த பயணிகள் இருவருக்கு 2008-இல் வௌவால்கள் சுமக்கும் மார்பர்க் என்ற கொடிய வைரஸ் நோய் வந்தது, ஒருவர் இறந்தார். நம்மாலும் வௌவால்களுக்கு ஆபத்து உண்டு: அமெரிக்காவில் 2006-இல் முதலில் தென்பட்டு, லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சை, ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்கு நம் செருப்பிலும் உடையிலும் ஒட்டிப் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்லறை வௌவாலின் வால் சவ்வின் மேற்புறத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அச்சிட்ட படத்தில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. மூலப்படம் உங்களிடம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வால் தெரிந்தால் அடுத்த இதழில் படத்தை முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்