பனிக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவள் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் உங்கள் ஞாயிறு இதழ் கைக்கு வந்தால் முதலில் பிரிப்பது கதைப் பக்கத்தைத்தான். ராசிபலன் அதற்குப் பிறகு.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு மனக்குறை. உங்கள் பக்கத்தில் வரும் மலையகக் கதைகளில், நினைத்தது நடக்காமல் போன ஆளுக்கு இரண்டே வழிதான். ஒன்று, வாசலில் நின்று மூடுபனியைப் பார்க்க வேண்டும். இல்லையா, கடைசி வரியில் செத்துப்போக வேண்டும். போன மாதம் வந்த கதையில் பரீட்சை தவறிய பிள்ளையை அப்படித்தான் முடித்துவிட்டார்கள். வாசித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மூன்று பிள்ளைகளும் அதே பேப்பரைத்தான் வாசிக்கிறார்கள். பனி விஷயமும் அப்படித்தான். அதற்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? ரொட்டி சுடும்போதும் இறங்கும், கல்யாண வீட்டிலும் இறங்கும்.

பிள்ளைக்காம்பராவில் இருந்தவளுக்கு இந்த ஏமாற்றம் என்கிற சாமானைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும். பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். ஒரு ஆடி மாதம், விடாத மழை. ஒரு பிள்ளை வந்தாள், தலைப்பிள்ளைக்காரி. “ஆயாம்மா, தண்ணிக்கின்னு வெட்டிட்டாங்க. இன்னிக்கி அரைப்பேருதான்” என்றாள். நனைந்த கொழுந்தில் தண்ணீருக்கென்று எடையைக் குறைத்து, அரை நாள் சம்பளம்தான் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து நாலாக மடித்து மூலையில் வைத்தாள். விரலில் இருந்த கொழுந்துக் கறையைச் சுவரில் தேய்த்தாள். கை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது என்று இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் பிள்ளையைத் தொட்டாள். பிள்ளை தூங்கியதும் எழுந்து படங்கைக் கட்டினாள். எப்போதும் ஒரு முடிச்சு போடுகிறவள் அன்றைக்கு இரண்டு முடிச்சு போட்டு, கயிறு இடுப்பில் பதிகிற மாதிரி இழுத்தாள். கோபமெல்லாம் அந்த இழுப்பில்தான் இருந்தது. இதை எழுத யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

எங்கள் ஆட்கள் சிரிப்பதையும் யாரும் எழுதுவதில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் கத்தினோம், 2021இல்தான் அரசாங்க வர்த்தமானியில் வந்தது. பிறகு 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 என்றார்கள். கை தட்டினோம். கடைசியில் செப்டம்பரில் 1,350 என்று நின்றது. அந்தச் சமயம் எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் ஒரு வெள்ளைக் கோழி இருந்தது. விடிந்ததும் ஊரைக் கூட்டும்படி கொக்கரிக்கும், கூடையைத் தூக்கிப் பார்த்தால் முட்டை இருக்காது. அந்த வீட்டு அக்கா அதற்கு ‘ஆயிரத்தெழுநூறு’ என்று பேர் வைத்தார். “ஏய் ஆயிரத்தெழுநூறு, வா இங்க” என்று அவர் கூப்பிடும்போது லயமே சிரிக்கும். தலைவர்மார் வந்த ஒரு நாளும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்தக் கோழி தீபாவளிக்குக் குழம்பாகிவிட்டது, அது வேறு கதை.

கதை சொல்லத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். மாசியில் கம்பம் நட்டுக் காமன் கூத்து ஆடுகிற தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. என் மூத்த அண்ணன்தான் எங்கள் தோட்டத்து ரதி, எங்கள் அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு. சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்ததும் ரதி ஒப்பாரி வைப்பாள், பெண்டுகள் எல்லாரும் கூடச் சேர்ந்து அழுவார்கள். எரிந்துபோன காமனுக்காக மட்டுமா அழுகை? ஒரு வருடம் அண்ணனுக்கு வரவேண்டிய கங்காணி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றிரவு ரதியின் ஒப்பாரி முடியவே இல்லை. தப்படிக்கிறவர் பார்த்துப் பார்த்து, கடைசியில் தப்பைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் காலை கன்னத்துச் சிவப்புச் சாயம் போகாமலே அண்ணன் கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போனார். கூத்தில் காமனும் அப்படியே செத்துக் கிடப்பதில்லை. எழுப்புவார்கள், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். முழுசாகவும் கொடுக்காமல், ஒரேயடியாகப் பறிக்காமலும் எவ்வளவு யோசித்து முடித்திருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் எழுத்தாளர்கள் ஒரு மாசியில் மலைக்கு மேலே வந்து பார்க்கலாம். தேத்தண்ணி நான் தருகிறேன்.

எல்லாக் கதையையும் சந்தோசமாக முடிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாலிபர் பக்கத்தில் வாரம் தவறாமல் வருகிற ‘துவளாதே, எழுந்து நில்’ கட்டுரைகளும் எனக்கு ஆகாது. என் மகள் உயர்தரப் பரீட்சை கலைப்பிரிவில் எழுதினாள். மூன்று பாடமும் சித்தி, பாஸ்தான். பல்கலைக்கழகம் கிடைத்த மாதிரிதான் என்று எல்லாரும் சொல்ல, அவள் அப்பா தீபாவளி முற்பணத்தில் ஹட்டனில் ஒரு ரெக்சின் பெட்டி வாங்கி வந்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி எட்டவில்லை. “பரவாயில்லம்மா” என்றாள். போய்க் குசினியில் இருந்த கரிச்சட்டி எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கழுவி வைத்திருந்ததையும் சேர்த்து. இராத்திரி படுக்கும்போது, “பெட்டிய திருப்பிக் குடுக்கலாமாப்பா?” என்று கேட்டாள். பில்லைக் காணோம்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ஒரு கிழமைக்கு யாரும் எனக்கு ஆறுதல் சொல்லக் கூடாதும்மா” என்றாள். சரி என்று இருந்தோம். அவள் அப்பாவுக்குத்தான் கஷ்டம், வாயை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாத மனுசன், வேலை விட்டதும் அடுத்த லயத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். எட்டாம் நாள் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “இப்ப சொல்லும்மா” என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கொஞ்சம் அழவும் செய்தோம்.

மகள் இப்போது கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, கம்பளிகளைப் போட்டு வைத்திருக்கிறோம். மார்கழிக் குளிருக்கு எடுத்துப் போர்த்தினால் இரண்டு மூன்று இரவுக்குப் புது ரெக்சின் வாசனை அடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிள்ளைக்காம்பரா ஆயா,
பொகவந்தலாவை.